ஜீப் முரண்டு பிடித்தால் எங்கே கை வைப்பது

என்னிடம் இருப்பது 1994-ல் பதிவான மகிந்திரா எம்.எம். 540. பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின், 2112 சி.சி., புதிதில் 62 குதிரைத்திறன். நாலு கியர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். வீடு தேனியில். ஓட்டம் போடிமெட்டு, குரங்கணிப் பக்கம். வாய்த்தால் சூரியநெல்லி வழியாகக் கொழுக்குமலை. எனக்கு முன்னால் மூன்று பேர் கை மாறிய வண்டி. மூவரும் ஆளுக்கொரு வேலை பார்த்துவிட்டுத்தான் விற்றிருக்கிறார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய ஜீப்பில் வரும் கோளாறில் பாதி வயதால் வருவது. மீதி, யாரோ ஒருவர் நல்லதென்று நினைத்துச் செய்த மாற்றத்தால் வருவது. அதனால் எந்தக் குறி தெரிந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். கடைசியாக இதில் யார் கை வைத்தார்கள்? ஸ்பேனர் எடுக்காமலே என்ன பார்க்கலாம்? கீழே உள்ளதும் அந்த வரிசைதான். சி.ஜே., மேஜர், கிளாசிக் என்று எந்தப் பழைய மகிந்திரா வைத்திருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். எல்லாம் வில்லிஸ் ஜீப்பின் பங்காளி வகையறா.

அடியில் படுப்பதற்கு முன் ஒன்று. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு, இல்லாவிட்டால் கனமான மரக்கட்டை. பின் சக்கரத்துக்குக் கல் முட்டு. இதில் சமரசமே வேண்டாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியத்தான் இல்லை. சூடு போதவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஹீட்டர் கோளாறுக்குப் பம்ப்பைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

முதலில் வெள்ளைப் புகை. இந்த எஞ்சினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதில்லை. பக்கத்தில் உள்ள ஒரு சிறு அறையில் பாய்ந்து பற்றிக்கொண்டு வருகிறது. குளிர்ந்த நிலையில் அந்த அறையின் சுவரே சூட்டை உறிஞ்சிவிடும். அதனால்தான் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு ஹீட்டர் பிளக். தேனி வெயிலில் ஒன்று செத்திருந்தால் தெரியாது. ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலையில், விடியற்காலையில் இரண்டு செத்திருந்தால் வண்டி அசையாது. கீழே நன்றாக இருந்த வண்டி மேலே போய் இரவு தங்கியதும் கெட்டுவிட்டது என்று சொல்வார்கள். அது முன்னமே கெட்டிருந்த வண்டி.

சோதனை சுலபம். நாலு பிளக்கையும் இணைக்கும் பித்தளைப் பட்டையைக் கழற்றுங்கள். ஒரு டெஸ்ட் பல்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்து, மறு முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையாகத் தொடுங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுந்து போகவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது. மீட்டர் இருந்தால் பிளக்குக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். நல்ல பிளக் 1 ஓம் அளவில், அதற்கும் கீழே காட்டும். நாலும் நன்றாக இருந்தும் சூடாகவில்லையா? பட்டைக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். ரிலே, ஃபியூஸ், சாவி சுவிட்ச் என்று பின்னோக்கிப் போக வேண்டும். என் வண்டியில் முந்தைய முதலாளி ரிலேயை எடுத்துவிட்டு ஒரு காலிங் பெல் சுவிட்சைப் போட்டிருந்தார். நாலு பிளக்கின் மின்சாரத்தை அது எத்தனை நாள் தாங்கும்? உள்ளே கருகி ஒட்டிக் கிடந்தது.

இனி புகையே இல்லாத நிலை. எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் உள்ளே முழுதாகத் திரும்பியிருக்கிறதா? துருப்பிடித்த கேபிள் பாதியில் நின்றுகொள்ளும். சாவியிலேயே நிற்கும் வண்டியானால், சாவியைத் திருப்பும்போது பம்ப்பிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் சொலினாய்டுக்கு, அதாவது டீசலைத் திறந்துவிடும் மின் வால்வுக்குப் போகும் ஒயரைப் பாருங்கள்.

இவை சரியாக இருந்தால் அநேகமாக ஏர் லாக், அதாவது டீசல் வரும் வழியில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. டீசல் ஃபில்டரின் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்திக் கை பம்ப்பை அடியுங்கள். முதலில் நுரை, அப்புறம் குமிழி, அப்புறம் தெளிந்த டீசல். தெளிந்து வரும்போது, அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை மூடுங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு மூடினால் திரும்பக் காற்றை இழுத்துக்கொள்ளும். பிறகு பம்ப்பில் உள்ள ஸ்க்ரூ. கடைசியாக நாசில் பைப்புகளில் இரண்டின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடியுங்கள். அங்கே டீசல் துளிர்த்ததும் இறுக்கலாம். அந்த இடத்தில் கையை வைத்துப் பார்க்காதீர்கள். நாசில் அழுத்தம் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

ஏர் எடுத்ததும் வண்டி கிளம்பிவிடும், மறுநாள் காலை மறுபடி அதே கதை. பலர் தோற்பது இங்கேதான். காற்று எப்படி உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்காமல் ஏர் எடுத்துக்கொண்டே இருக்கலாம், ஆயுசுக்கும். டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டாது, தரையில் ஈரமே தெரியாது. காற்றுதான் உள்ளே போகும். டேங்க் நிறைய இருக்கும்போது ஒழுங்காகக் கிளம்பி, கால் டேங்கில் மட்டும் தகராறு செய்தால் அந்தப் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும். ஃபில்டருக்கு முன்னால் ஒரு ஜாண் நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகச் செருகிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பிறகு டேங்க் பக்கத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால் குற்றவாளி சிக்கும். என் வண்டியில் அது 40 ரூபாய்க்கும் குறைவான ஒரு ரப்பர் குழாய். வெளியே பளபளவென்று இருந்தது; வளைத்துப் பார்த்தபோதுதான் உள்ளங்கை ரேகை மாதிரி வெடிப்பு தெரிந்தது.

செல்ஃப் சுற்றவே இல்லை, 'டொக்' என்று ஒரு சத்தம் மட்டும்

பேட்டரியை மாற்றுவதற்கு முன் எர்த் கேபிளைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. பேட்டரி தாங்குகிறது, ஆனாலும் மோட்டார் முக்குகிறது என்றால் மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவிலும் மறு முள்ளை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் தடை இருக்கிறது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தனி எர்த் பட்டை கட்டாயம் வேண்டும். பெயிண்ட் அடிக்கும்போது கழற்றுவார்கள், மாட்ட மறந்துவிடுவார்கள். மாட்டினாலும் புதுப் பெயிண்டின் மேலேயே மாட்டுவார்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு முறுக்குங்கள்.

40, 50 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் பைத்தியம் பிடித்த மாதிரி உதறுகிறது

ஒரு சின்னக் குழி, அல்லது பாலத்தின் இணைப்பு. முன்சக்கரம் அதில் தட்டியதும் ஸ்டியரிங் இடமும் வலமுமாக அடிக்க ஆரம்பிக்கும். பானட் ஆடும், கண்ணாடி ஆடும், பக்கத்தில் இருப்பவர் முகம் வெளுக்கும். வேகம் 20-க்குக் குறைந்தால்தான் அடங்கும். கெட்டியான ஒற்றை ஆக்சில் உள்ள எல்லா ஜீப்புக்கும் வரக்கூடிய நோய் இது. அப்போது செய்ய வேண்டியது: ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராகவே வேகத்தைக் குறைப்பது.

எனக்கு முதலில் வந்தபோது ஒரு பட்டறையில் ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டினேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது, பிறகு முன்னைவிட மோசமாக வந்தது. டேம்பர் கெட்ட பொருள் இல்லை. ஆனால் அது காய்ச்சலுக்குப் போட்ட ஈரத்துணி. உள்ளே தேய்மானம் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

போடியில் வயதான ஒரு மெக்கானிக்தான் சரியாகப் பார்த்தார். முன்சக்கரம் ஒன்றைத் தூக்கி நிறுத்திவிட்டு, மேலேயும் கீழேயும் கை வைத்துச் சக்கரத்தை ஆட்டினார். 'கடக் கடக்' என்று ஆட்டம். "வீல் பேரிங்தானே அண்ணே?" என்றேன். "அவசரப்படாதீங்க தம்பி, மேல ஏறி பிரேக்க மிதிங்க" என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார். ஆட்டம் அப்படியே இருந்தது. "பாத்தீங்களா, இது பேரிங் இல்ல, கிங் பின்னு."

கிங் பின் என்பது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற அச்சு. கணக்கு இதுதான். பிரேக் பிடித்தால் டிரம்மும் பின்னால் உள்ள தட்டும் ஒன்றாகிவிடும். வீல் பேரிங்கில் உள்ள ஆட்டம் அத்தோடு நின்றுவிடும். நிற்காத ஆட்டம் அதற்கும் உள்ளே, கிங் பின்னில் இருக்கிறது. அன்றிலிருந்து இந்தச் சோதனை இல்லாமல் நான் பேரிங்கைத் தொட்டதில்லை.

மேலும் கீழும் ஆட்டியபோது ஒன்றும் இல்லையென்றால் இடதும் வலதுமாக ஆட்டுங்கள். அதில் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், டிராக் லிங்க், ஸ்டியரிங் பாக்ஸ். வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னதாக இப்படியும் அப்படியும் திருப்ப, நீங்கள் ஒவ்வொரு பந்து மூட்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தேய்ந்த மூட்டு, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். பழைய சி.ஜே. வகைகளில் சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தில் பெல் கிராங்க் என்றொரு முழங்கை உண்டு; அதன் நடு ஊசி தேய்ந்தாலும் இதே உதறல்தான்.

கிங் பின் தளர்ந்திருந்தால் அதன் மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய தகடுகளைக் குறைத்து பேரிங்கின் இறுக்கத்தைக் கூட்டலாம். பேரிங் கிண்ணத்தில் தடம் விழுந்திருந்தால் தகடு எடுத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இறுக்கத்தை ஊகத்தில் விடாதீர்கள். டை ராடைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுத்தால், எத்தனை கிலோவில் நகர்கிறது என்று தெரியும். கையேட்டில் உள்ள அளவுக்குள் இருபுறமும் ஒன்றுபோல வர வேண்டும். என் வண்டியில் வலதுபுறம் மேல் தகடு எல்லாம் தேவைக்கு அதிகம், இடதுபுறம் ஒன்றே ஒன்று. யாரோ கழற்றியதை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

மூட்டுகள் எல்லாம் திடமாக இருந்தும் உதறினால் டோ-இன், அதாவது இரு முன்சக்கரமும் முன்புறம் எவ்வளவு உள்நோக்கி நிற்கின்றன என்று பாருங்கள். இதற்கு மெஷின் வேண்டியதில்லை. சக்கரத்தைத் தூக்கி, சுற்றிவிட்டு, டயரின் நடுவில் ஓர் ஆணி முனையால் வட்டக் கோடு இழுங்கள். மறு சக்கரத்துக்கும் அப்படியே. இறக்கி, வண்டியை இரண்டடி முன்னே தள்ளி நிறுத்துங்கள். கோட்டுக்குக் கோடு முன்புறம் ஓர் அளவு, பின்புறம் ஓர் அளவு, இரண்டும் ஆக்சில் உயரத்தில். முன்புற அளவு 1 முதல் 2 மி.மீ. குறைவாக இருந்தால் சரி. இதற்கப்புறம்தான் டயர் பேலன்ஸ், காஸ்டர் (கிங் பின்னின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்). காஸ்டரைக் கெடுப்பது பெரும்பாலும் லிஃப்ட், அதாவது வண்டியின் உயரத்தைக் கூட்டுவது. அது கடைசியில் வருகிறது.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

வலதுபுறம் இழுத்தால் வலது பிரேக்கில் கோளாறு என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் உண்மை நேர் எதிர்: வலது வேலை செய்கிறது, இடது படுத்துவிட்டது. இடது டிரம்மைக் கழற்றுங்கள். லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால் எது என்று முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் கந்தக வாடை அடிக்கும்; அப்படியானால் ஆக்சில் சீல் போய்விட்டது. பிரேக் ஆயில் என்றால் வீல் சிலிண்டர். ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, பற்றவைத்துச் சுத்தம் செய்யும் பழக்கம் உண்டு. செய்யாதீர்கள், அதன் பிடிப்பு திரும்ப வராது. புதிது போடுங்கள், இருபுறமும் சேர்த்து.

பெடலே ஒரு மொழி பேசும். முதல் மிதியில் ஆழமாகப் போய் இரண்டாவது மிதியில் மேலே வந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்தால் போதும். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. கெட்டியாக நின்று, மிதித்தபடியே வைத்திருக்கும்போது மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர். இந்தக் கடைசிக் குறியோடு மலை இறங்காதீர்கள்.

ஓடையைத் தாண்டிய உடனே பிரேக் பிடிக்காதது கோளாறே இல்லை, டிரம்முக்குள் தண்ணீர். லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுகிறேன்.

ஏற்றத்தில் சூடு ஏறுகிறது

முதலில், உண்மையிலேயே சூடா? ஹெட்லைட்டைப் போட்டதும் சூட்டு முள் ஏறினால் அது எஞ்சின் சூடு இல்லை, எர்த் கோளாறு. மேலே சொன்ன எர்த் பட்டைக்குத் திரும்பிப் போங்கள்.

நிஜமாகவே சூடானால் உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் கொஞ்சம் ரேஸ் கொடுத்து ஓடவிட்டால் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் சூட்டை இறக்கும். தண்ணீரே காலி என்றாலோ பெல்ட் அறுந்திருந்தாலோ மட்டும் உடனே அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறக்க அரை மணி நேரமாவது பொறுங்கள்.

என் வண்டி போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவது ஒன்பதாவதிலேயே முள்ளைச் சிவப்புக்குக் கொண்டுபோகும். ரேடியேட்டரைக் கழற்றி ராட் விட்டுச் சுத்தம் செய்தேன், வாட்டர் பம்ப் மாற்றினேன், பணம்தான் போனது. ஒருநாள் சும்மா முன்னால் நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. கனமான பம்பர் கார்டு, அதில் நாலு பெரிய விளக்கு, அதன் பின்னால் நம்பர் பிளேட். காற்று எந்த வழியாக உள்ளே போகும்? பம்பர் கார்டுகளை அகற்ற மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. நான் கழற்றியது அதற்காக இல்லை, சூட்டுக்காக. கழற்றினேன். முள் கால் பங்கு இறங்கியது. மீதிக் கால், ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூண்டு இல்லாததால். அதை எப்போதோ யாரோ 'இடைஞ்சலாக இருக்கிறது' என்று எடுத்திருக்கிறார்கள். கூண்டு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கவாட்டில் உள்ள சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். பட்டறையில் தகட்டில் வளைத்து ஒன்று செய்துகொண்டேன்.

மற்றபடி வழக்கமானவை: ரேடியேட்டரின் வெளிமடிப்புகளில் அடைந்த சேறு (எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள்), தளர்ந்த பெல்ட் (நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. இறங்கலாம்), பிடிப்பு போன மூடி, போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே படிந்த உப்பு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதை மருந்தாகச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒட்டிக்கொண்டது என்றால் புதிது போடுங்கள். அது இல்லாத டீசல் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, புகை கக்கி, சீக்கிரம் தேயும்.

எல்லாம் சரி, தண்ணீர் மட்டும் குறைகிறது, வெளியே சொட்டு இல்லை என்றால் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். அது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை.

புகை

சூடான பிறகும் நிற்காத நீலம்: எண்ணெய் எரிகிறது, ரிங், அல்லது வால்வு சீல். கருப்பு: டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள், நாசிலை அப்புறம். மலை மேலே மட்டும் கருப்பாக வந்தால் கவலை வேண்டாம். டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். கொழுக்குமலை உச்சியில் உங்கள் 62 குதிரையில் முக்கால் பங்குதான் கூட வரும். பம்ப்பைத் திருகி அதைச் சரிசெய்யப் பார்த்தால் கீழே இறங்கியதும் வேறு பிரச்சினை தொடங்கும்.

'லோ' விழவில்லை; ஃபோர் வீல் போட்டும் முன்சக்கரம் சும்மா இருக்கிறது

எஞ்சின் சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ். அதில் டானா 18 வகையானால், முன் ஆக்சிலை இணைக்காமல் லோ (மெதுவான, இழுவை கூடிய கியர்) விழாது. உள்ளே இரண்டு ஷிஃப்ட் ராடுக்கும் நடுவே ஒரு சின்னப் பூட்டு அதைத் தடுக்கிறது. முதலில் முன் ஆக்சில் லிவர், பிறகு லோ. வண்டி வாங்கிய புதிதில் பலர் இதைக் கோளாறென்று நினைத்து லிவரை மல்லுக்கட்டி வளைத்திருக்கிறார்கள். லோ விழுந்தால் பல் விகிதம் 2.46, அதாவது நடைவேகத்தைவிடக் குறைவாகப் பாறையில் ஏறலாம்.

ஃபோர் வீல் விழுந்தும் முன்சக்கரம் இழுக்கவில்லையென்றால் லாக்கிங் ஹப்பை (சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு பூட்டும் மூடி) பாருங்கள், இரண்டு பக்கமும். ஒன்று மட்டும் லாக் ஆகாமல் இருந்தாலும் போதும், சக்தியை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல் முழுவதையும் அந்தப் பக்கமே விட்டுவிடும். சந்தேகமிருந்தால் எஞ்சினை அணைத்து, ஃபோர் வீலிலும் முதல் கியரிலும் வைத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சுற்றக் கூடாது. சுற்றுகிறது, ஆனால் முன் புரொபல்லர் ஷாஃப்ட் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டு) அசையவில்லை என்றால் ஹப் அல்லது ஆக்சில் ஷாஃப்ட். புரொபல்லரும் சேர்ந்து சுற்றினால் கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸில். மறு சக்கரத்துக்கும் இதே சோதனை.

தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டிவிட்டு லிவர் எடுக்க வரவில்லை என்பவர்களுக்கு: நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத அமைப்பு இது. திருப்பத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓடுவதால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். சில அடி ரிவர்ஸ் வந்தால் விடும்.

ஆயில் குறைகிறது; அல்லது டீ நிறத்தில் இருக்கிறது

கியர் பாக்ஸில் குறைந்து, டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்து ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறது. அதனால்தான் இந்த இரண்டின் லெவலையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஹேண்ட் பிரேக் டிரம் உள்ள பழைய வண்டிகளில், அங்குள்ள சீல் போனால் எண்ணெய் நேரே டிரம்முக்குள் போகும். ஹேண்ட் பிரேக் பிடிக்காததற்குக் கேபிளை இறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆக்சில் ஹவுசிங் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஹவுசிங் ஓடையில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கும். மேலே உள்ள பிரீதர், அதாவது காற்று போய்வரும் சிறு துளை, சேற்றால் அடைத்திருந்தால், சுருங்கிய காற்றுக்குப் பதில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சீலை எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது. பிரீதரைக் கழற்றிக் கழுவுங்கள். அதைவிட நல்லது, அதிலிருந்து ஒரு குழாயை எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவது. பழைய ஜீப்புக்கு நான் யாருக்கும் தயங்காமல் சொல்லும் மாற்றம் இது ஒன்றுதான். செலவு ஒரு மதியச் சாப்பாடு.

ஹெட்லைட் மங்கல்

100 வாட் பல்பு போடாதீர்கள், சுவிட்ச் உருகும். பல்பின் பின்னால் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.6, பல்பில் 10.5 என்றால் வழியில் உள்ள பழைய ஒயரும் சுவிட்சும் இரண்டு வோல்ட்டைத் தின்கின்றன. பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாக நேர் ஒயர் இழுத்து, ஹை, லோ இரண்டுக்கும் தனித்தனி ரிலே போடுங்கள். பழைய சுவிட்ச் ரிலேயை இயக்கினால் போதும். அதே 60/55 பல்பு புதிதாகத் தெரியும்.

லிஃப்ட் செய்த பிறகு அடியில் அதிர்வு, ஸ்டியரிங் தானாகத் திரும்பவில்லை

சாக்கிளை (ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) நீளமாக்கி இரண்டு அங்குலம் உயர்த்துவது மலிவான வழி. நானும் செய்தேன். சாக்கிள், ஸ்பிரிங் பட்டையின் முன் முனையில் இருந்தால், நீளமாக்கும்போது ஆக்சிலின் தலை முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர் குறையும். ஜீப்புக்கு வேண்டியது சுமார் 3 டிகிரி. அது குறைந்தால் வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேராகாது, மேலே சொன்ன உதறலும் எளிதில் தொற்றிக்கொள்ளும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துத் திருத்தலாம். ஆனால் அதே ஆப்பு முன் புரொபல்லரின் கோணத்தை இன்னும் கூட்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று.

அதிர்வுக்கு முதலில் புரொபல்லரைப் பாருங்கள். இரு முனையில் உள்ள யோக்குகளும் (கவட்டை வடிவ முனைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். தண்டு நீண்டு சுருங்க உதவும் ஸ்லிப் ஜாயின்ட்டைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினாலே அதிரும். அதற்காகத்தான் அதில் அம்புக்குறி. பிறகு கிராஸ், அதாவது யோக்குகளை இணைக்கும் சிலுவை மூட்டு: ஷாஃப்டைக் கையால் முறுக்கும்போது 'டிக்' என்றால் ஊசி பேரிங் போய்விட்டது.

இவை இரண்டும் சரியாக இருந்தும் எனக்கு அதிர்வு நிற்கவில்லை. கோணம்தான். அத்தோடு பதிவாகி 15 வருடம் தாண்டிய வண்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன்னால் நிற்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பை மீறி மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன பிறகு அங்கே கண்கள் கூர்மையாகிவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாக்கிளையே திரும்ப மாட்டினேன். அதிர்வு போய்விட்டது. ஆற்றில் கொஞ்சம் அடி தட்டுகிறது, அவ்வளவுதான். நீளமான சாக்கிள் நாலும் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. விற்கவும் மனசு வரவில்லை, மாட்டவும் துணிச்சல் இல்லை.